மேடைக்குப் பின்னாலும் விழாதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் கலைவிழாக்களும் பண்பாட்டு விழாக்களும் மறுபடி நடக்கத் தொடங்கியதில் எனக்குள்ள சந்தோசம் கொஞ்சமல்ல. கோவலன் கூத்து, காத்தவராயன் கூத்து ஆடுபவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நடனங்களுக்கும் உடுப்புத் தைத்துக் கொடுத்து, விழாவன்று அரிதாரம் பூசி விடுவது என் தொழில். ஆகவே எந்த விழாவையும் நான் பார்ப்பது மேடைக்குப் பின்னாலிருந்துதான். அங்கே பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

பல இடங்களில் உடை மாற்றும் அறை என்று காட்டப்படுவது நாலு தடி நட்டுச் சுற்றிய தறப்பாள். இருட்டிய பிறகு உள்ளே பல்ப் எரிந்தால் வெளியில் நிற்பவர்களுக்கு நிழல் தெரியும். அதற்குள்தான் பதினொரு வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பிள்ளையும் உடுப்பு மாற்ற வேண்டும். கதவு கிடையாது, காவலுக்கு ஆளும் கிடையாது. கழுத்தில் கமரா தொங்கினால் யாரும் உள்ளே வரலாம் என்று ஆகிவிட்டது. ஓரிடத்தில் அப்படி ஒருவர் வந்து, தலை பின்னிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் படம் எடுத்தார். வெளியே போகச் சொன்னேன். தான் விழாக்குழு ஆள் என்றார். குழுவிடம் போய்ச் சொன்னேன். "பிரச்சினையைப் பெரிசாக்காதேங்கோ அக்கா, பிரமுகர்கள் வந்து இருக்கினம்" என்றார்கள். பிள்ளைகள் மேடை ஏறும் முன்னரே படங்கள் முகநூலில் வந்துவிட்டன. அதில் ஒரு பிள்ளையை அதன் பிறகு தாய் நடனத்துக்கு அனுப்பவில்லை. அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன்.

அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் இல்லையே என்று சிலர் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முன்பு கூத்தில் பெண் வேசம் கட்டியதும் ஆண்கள்தான். பல மாதம் பழகி, ஊருக்கு நடுவில் ஆடுவார்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் தெரிந்த முகம். விடிய விடியக் கூத்து நடக்கும், வெளிச்சம் வந்த பிறகுதான் சனம் வீட்டுக்குப் போகும். இன்று பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள், அது நல்ல மாற்றம், இனி அதை யாரும் பின்னுக்கு இழுக்கக் கூடாது. ஆனால் பிள்ளைகள் வெளியூரிலிருந்து வாகனத்தில் வருகிறார்கள். பார்க்க வருபவர்களில் பாதிப்பேர் யாரென்றே தெரியாது. நிகழ்ச்சி இரவு பத்தரை, பதினொன்றுக்கு முடிகிறது. ஊர் முழுக்கக் கண்ணாயிருந்து பார்த்துக்கொண்ட வேலையை இப்போது யார் செய்வது என்று நாங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு மணி என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். பிரதம விருந்தினர் ஆறரைக்கு வருவார். மாலை, மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிய எட்டரை. இரண்டு மணிக்கே அரிதாரம் பூசிய சின்னப் பிள்ளைகள் அதுவரைக்கும் ஒன்றும் சாப்பிடாமல், உடுப்புக் கசங்கும் என்று சரியாக இருக்கவும் முடியாமல் காத்திருப்பார்கள். மலசலகூடம் எங்கே என்று கேட்டால் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கையால் காட்டுவார்கள். திரும்பிப் போகிற நேரத்தில் பஸ் இராது. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்து உள்ளூர்ப் பாதைகளில் அந்த நேரத்தில் யானை நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். பிள்ளைகளின் நிகழ்ச்சிகளை முதலில் வையுங்கள். அவர்களை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வாகனம் பேசிய பிறகு பொன்னாடைக்குக் காசு ஒதுக்குங்கள்.

அடுத்தது மேடை. முன்பு கூத்து ஆடும் வட்டமான இடம், வட்டக்களரி, தரையில்தான் இருந்தது. பாயில் இருப்பவரும் வாங்கில் இருப்பவரும் ஒரே களரியைச் சுற்றியிருந்து பார்த்தார்கள். இப்போது நாலடி உயர மேடை, அதற்கு ஒடுக்கமான படி. 2009 வரை நடந்த போரில் காலை, கையை, பார்வையை இழந்தவர்கள் இல்லாத ஊர் எங்கள் பக்கத்தில் இல்லை. அவர்களில் பாட்டுக்காரர் இருக்கிறார்கள், மத்தளம் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மேடையில் அவர்களைக் காண்பது உதவிப் பொருள் வாங்கும் நேரத்தில் மட்டும். சக்கர நாற்காலியோடு ஒருவரை நாலு பேர் தூக்கி மேலே ஏற்ற, கீழே சனம் பரிதாபத்தோடு கைதட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சாய்தளம் ஒன்று போட்டிருந்தால் தன் பாட்டில் ஏறியிருப்பார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இந்த நாட்டில் 1996இலேயே வந்தது. பொது இடங்களுக்கு அவர்கள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. விழாக்குழுக்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அதைவிட, அவர்களில் ஒருவரைக் குழுவிலேயே சேர்ப்பது நல்லது.

குழுவில் இல்லாதவர்கள் வேறும் உண்டு. 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே வளர்ந்திருக்கிறார்கள். அவர்களின் காமன் கூத்தை எத்தனை விழாக்கள் அழைத்தன? 1990இல் வெளியேற்றப்பட்டு, பிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் தண்ணீரூற்று என்ற ஊர்ப் பக்கம் இருக்கின்றன. விழா மலரில் அவர்களைப் பற்றி ஒரு பக்கமாவது வருகிறதா? பறை அடிப்பவரைப் பண்பாட்டு ஊர்வலத்தின் முன்னால் விட்டுவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் கடைசிக்குத் தள்ளுகிற வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் மைதானத்தைப் பார்த்தால் நெஞ்சு எரியும். பிளாஸ்டிக் கப், தண்ணீர்ப் போத்தல், சோறு சுற்றும் லஞ்சீற், பொலித்தீன் கொடி. விழா அலங்காரத்துக்குப் பொலித்தீன் பாவிக்கக் கூடாது என்பது 2017 முதல் சட்டம். ஒரு தடவை பாவித்து எறியும் பிளாஸ்டிக் கப், தட்டு, கரண்டி, பிளாஸ்டிக் மாலை எல்லாம் 2023 ஒக்டோபரிலிருந்து தடை. அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்ததைப் பத்திரிகைகளில் படித்தோம். எங்கள் மாடுகளும் இதைத்தான் மேய்கின்றன. பனையும் தென்னையும் நிற்கிற ஊரில் குருத்தோலைத் தோரணத்துக்கும் பின்னிய ஓலைக் கிடுகுப் பந்தலுக்கும் என்ன குறை? என் தொழிலிலும் இது நடக்கிறது. றெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையில் கிரீடம் வெட்டித் தங்கத்தாள் ஒட்டினால் ஓர் இரவோடு அது குப்பை. துணியும் மணியும் வைத்துத் தைத்த உடுப்பைக் கழுவி, வெயில் காட்டி, வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைத்தால் அடுத்த தலைமுறையும் கட்டலாம். செலவு முதலில் கூட. விழாக்குழுக்கள் சேர்ந்து ஓர் உடுப்புப் பெட்டியைப் பொதுவில் வைத்துக்கொண்டால் அந்தச் செலவும் குறையும்.

பெரிய நிதி ஒன்றும் நான் கேட்கவில்லை. பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். விழா நாளில் நாற்காலி போட்டு இருத்துவதை விட்டு, முதல் கூட்டத்துக்கே அவர்களைக் கூப்பிடலாம். உடை மாற்றும் இடத்துக்கு இரண்டு பெண்களைப் பொறுப்பாக நிறுத்தலாம். அவர்கள் போ என்றால் அமைச்சரோடு வந்த படப்பிடிப்பாளரும் போக வேண்டும். பெற்றோர் சம்மதிக்காத பிள்ளையின் படம் முகநூலில் ஏறக் கூடாது. சிறுவர்களுக்கு ஏதும் நடந்தால் அறிவிக்கும் 1929 என்ற இலக்கத்தை மேடைக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். இலக்கம் தெரிந்தால் மட்டும் போதாது. பிள்ளை வந்து சொன்னால் "பெரிசாக்காதே" என்று வாயை மூடாத ஒரு பெரியவர் யார் என்பதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே காட்டி வைக்க வேண்டும்.

உடை மாற்றும் கொட்டகைக்கு ஆளில்லை, காசில்லை என்று சொல்லும் விழாக்குழு எங்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு கிழமைக்கு முன் சொல்லட்டும். கிடுகும் தடியும் தந்தால், உள்வெளிச்சம் வெளியே தெரியாதபடி, கதவும் வைத்து நானும் எங்கள் மாதர் சங்கத்துப் பெண்களும் கட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
கூத்து உடுப்புத் தைக்கும் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்.