யுகத்தானில் வீகன் சாப்பாடு: புறப்படும் முன் படிக்க ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மெக்சிகோவின் யுகத்தான் பயணத்துக்குப் பதிவு செய்து, படிவத்தில் வீகன் என்றோ சைவம் என்றோ குறித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். மெரிதாவிலும் வயதோலிதிலும் 'வீகன் உணவு கிடைக்கும்' என்று போர்டு வைத்த மெக்சிகன் உணவகங்களும், அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாயன்களின் சமையலைத் தரும் மாயன் உணவகங்களும் இருக்கின்றன. போர்டைப் பார்த்ததும் முழு நம்பிக்கையோடு உட்கார்ந்துவிட வேண்டாம். மெனுவில் வீகன் உணவும் உண்டு என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. தோசைக்கல் போன்ற கோமால், பொரிக்கிற எண்ணெய், கரண்டி எல்லாம் பெரும்பாலும் பொதுவாகவே இருக்கும். முழுக்க வீகன் சமையலறைதான் வேண்டும் என்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், அதற்கான இடங்களைத் தனியாக ஏற்பாடு செய்கிறோம்.

கறித்துண்டு கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். பன்றிக்கொழுப்பு தெரியாது. அங்கே அதற்குப் பெயர் மந்தேகா. மசித்து வதக்கிய கறுப்பு பீன்ஸில் அது இருக்கும், கொழுக்கட்டை போன்ற தமாலின் மாவில் அடித்துக் கலந்திருக்கும், தோர்த்தியா என்னும் மெல்லிய ரொட்டியின் கோதுமை வகையிலும் இருக்கும். தமால் மாவை முதலிலேயே பிசைந்து இலையில் கட்டி அவித்துவிடுவதால், மேசையில் உட்கார்ந்து "மந்தேகா இல்லாமல் கொடுங்கள்" என்று கேட்டுப் பயனில்லை. வேறு ஏதாவது கேட்பதே வழி. மக்காச்சோளத் தோர்த்தியாவுக்குப் பயப்பட வேண்டாம். அதில் மக்காச்சோளம், தண்ணீர், சுண்ணாம்பு மட்டும்தான். 'மந்தேகா வெஹெதால்' என்று பதில் வந்தால் அது தாவரக் கொழுப்பு, சாப்பிடலாம்.

அடுத்து, கோழிச்சாறு. சிவப்பு அரிசிச் சோறு, காய்கறி சூப், மிளகாய் அரைத்துச் செய்யும் மோலே குழம்பு ஆகிய மூன்றையும் கேட்காமல் வாங்காதீர்கள். எலுமிச்சை வாசம் வீசும் சோபா தே லிமா சூப்பின் பேரைக் கேட்டால் சைவம் போலிருக்கும், ஆனால் அதன் அடிப்படையே கோழி அல்லது வான்கோழிச் சாறு.

கிழமையையும் கவனிக்க வேண்டும். யுகத்தானில் திங்கட்கிழமை என்றால் வீட்டிலும் கடையிலும் பன்றிக்கறி போட்ட கறுப்பு பீன்ஸ்தான். மற்ற நாளில் வெறும் பீன்ஸ் வேகிற அதே பானையில் அன்றைக்குக் கறியும் வேகும். திங்கட்கிழமை பீன்ஸை முழுக்கத் தவிர்ப்பது நல்லது.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் யுகத்தானை வீகன்களுக்கு நல்ல ஊர் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வோம். ஸ்பானியர்கள் மெரிதா நகரத்தை அமைத்தது 1542-ல். பன்றி, மாடு, கோழி எல்லாம் அவர்களோடு வந்தவை. அதற்கு முந்தைய மாயன் சமையலில் வான்கோழியும் மானும் இருந்தன, ஆனால் பாலும் வெண்ணெயும் பன்றிக்கொழுப்பும் கிடையாது. மில்பா என்கிற வயலில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்து விதைப்பார்கள். சமையல் நின்றதும் இந்த மூன்றின் மேல்தான். ஆகவே பலாக்காயைக் கறி போலச் செய்து தரும் புதுவகை உணவுகளைவிட, பழைய மில்பா உணவுகளைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள் என்பது எங்கள் பரிந்துரை. மசாலா விழுது பூசி, வாழையிலையில் சுற்றி வேகவைக்கும் பலாக்காய்ப் பிபிலும் ருசிதான். ஆனால் அதற்காக யுகத்தான் வரை போக வேண்டியதில்லை.

முதலில் கேட்க வேண்டியது சிகில் பாக். வறுத்த பூசணி விதையும் சுட்ட தக்காளியும் சேர்ந்த, துவையல் பதத்தில் இருக்கும் உணவு. ஒரு கப் விதைக்கு மூன்று நடுத்தரத் தக்காளி, ஒரு சுட்ட ஹபனேரோ மிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, கொஞ்சம் வெங்காயத்தாள், உப்பு. ஊர் திரும்பிய பிறகு செய்து பார்க்க நினைப்பவர்கள் சிறு தீயில் வறுக்க வேண்டும். விதை உப்பி, வெடிக்கத் தொடங்கும்போதே இறக்கிவிடுங்கள். பழுப்பேறினால் கசந்துவிடும், பிறகு எதைச் சேர்த்தாலும் அந்தக் கசப்பு போகாது. தக்காளியைத் தோல் கருகும்வரை சுட்டால்தான் நீர் வற்றும். பச்சையாக அரைத்தால் கலவை ஓடும், தோர்த்தியாச் சில்லில் நிற்காது.

தோக்சேல் எல்லா உணவகத்திலும் கிடைக்காது. கிடைத்தால் விடாதீர்கள். ஈப் என்னும் வெள்ளை பீன்ஸைக் குழையாமல் வேகவைத்து வடித்து, வறுத்துப் பொடித்த பூசணி விதையும் நறுக்கிய வெங்காயத்தாளும் கலப்பார்கள். நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கற்களைப் பானைக்குள் போட்டு, மூடிக் குலுக்குவார்கள். கல் பட்ட இடத்தில் விதைப்பொடி 'சுர்'ரென்று பொரியும். அந்தக் கருகல் வாசம்தான் இந்த உணவின் உயிர். சில இடங்களில் கல் இல்லாமல் வாணலியில் பிரட்டித் தருகிறார்கள். வயிறு நிறையும், அந்த வாசம் மட்டும் இருக்காது. இதே பீன்ஸ் கலவையை மக்காச்சோள மாவுக்குள் அடைத்துப் பொரித்தால் பொல்கான். மாவில் கொழுப்பு கலந்ததா, எதில் பொரித்தது என்ற இரண்டையும் கேளுங்கள்.

பாப்பட்சூல் வேண்டுமானால் முட்டைக்குப் பதில் உருளைக்கிழங்கோ காளானோ வைத்துத் தர முடியுமா என்று கேட்க வேண்டும். தோர்த்தியாவைப் பூசணி விதைச் சாற்றில் தோய்த்து, உள்ளே வேகவைத்த முட்டை வைத்துச் சுருட்டி, மேலே தக்காளிச் சாறு ஊற்றுவது வழக்கம். எபசோதே என்ற தழை கொதித்த நீரில் விதை விழுதைக் கரைத்துச் செய்யும் அந்தப் பச்சைச் சாறு முழுக்க வீகன். அது கொதித்தால் திரிந்துவிடும். தட்டில் சாறு திப்பி திப்பியாக வந்தால் சூடு அதிகமாகிவிட்டது என்று பொருள். கெட்டுப்போனதல்ல.

சாயாக் கீரையைத் தமிழ்நாட்டிலும் சிலர் தோட்டத்தில் வளர்க்கிறார்கள். அதை வேகவைத்துச் சாப்பிடுவதே பாதுகாப்பு. பச்சை இலையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால் போய்விடும். சாயா பானம் கேட்கும்போது வெந்த இலையில் செய்ததா என்று விசாரியுங்கள். சாயாவும் பூசணி விதையும் சேர்ந்த ட்சோதோபிச்சாய் என்ற தமாலில் வேகவைத்த முட்டையும், பல இடங்களில் மந்தேகாவும் இருக்கும்.

வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிபில் வகைகளில் பூசும் சிவப்பு ரெகாதோ விழுதில் அச்சியோத்தே விதை, ஓரிகானோ, மிளகோடு பூண்டும் சேர்த்தே அரைத்திருப்பார்கள். அதைப் பிரித்தெடுக்க முடியாது. சுட்ட காய்கறி, வெண்ணெய்ப்பழம், வெறும் தோர்த்தியா என்று தனித்தனியாகக் கேட்பது உத்தமம்.

காரம் பழகிய நாக்குதானே என்று மேசை மேலிருக்கும் சட்னிக் கிண்ணத்தில் கை வைத்துவிடாதீர்கள். ஹபனேரோவின் காரம் ஸ்கோவில் அளவில் ஒரு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை போகும், நம் வீட்டு வரமிளகாயைவிடப் பல மடங்கு. முள்கரண்டி நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எரிந்தால் தண்ணீர் உதவாது. தோர்த்தியாவும் வெண்ணெய்ப்பழமும் கொஞ்சம் அடக்கும்.

பானங்களில் செம்பருத்தி இனப் பூவின் புல்லி இதழில் ஊறிய ஹமைக்கா தண்ணீர் பயமில்லாதது. ஓர்ச்சாத்தா அரிசியில் செய்வதுதான், ஆனாலும் பல கடைகளில் பாலோ கண்டென்ஸ்டு மில்க்கோ சேரும். சாக்லேட்டைத் தண்ணீரில் கரைத்துக் கேளுங்கள், மாயன்கள் காலத்து முறையும் அதுவே. மாயன் உணவகங்களில் கொடுக்கில்லாத மெலிபோனா தேனீக்களின் தேனுக்குத் தனி மதிப்பு உண்டு. பானத்திலும் இனிப்பிலும் கேட்காமலே ஊற்றிவிடுவார்கள். ஷ்தபெந்தூன் மதுவிலும் தேன் இருக்கிறது. மிச்செலாதா பீரில் சேரும் சாஸில் மீன் இருக்கக்கூடும்.

"இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ தட்டில் வந்து நிற்கும். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லுங்கள்: சின் கார்னே, சின் போயோ, சின் மந்தேகா, சின் கால்தோ தே போயோ, சின் வேவோ, சின் கேசோ, சின் கிரேமா, சின் மியேல். வரிசைப்படி: இறைச்சி, கோழி, பன்றிக்கொழுப்பு, கோழிச்சாறு, முட்டை, சீஸ், கிரீம், தேன் இல்லாமல். இவை ஸ்பானிய எழுத்தில் அச்சிட்ட அட்டை உங்கள் பயணக் கோப்பில் இருக்கும். பரிமாறுபவரிடம் காட்டி, சமையலறைக்குக் கொண்டுபோய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். அவர் அங்கேயே நின்று தலையாட்டினால் இன்னொரு முறை கேட்பதில் தவறில்லை.

பிரதான சாப்பாடு பகல் இரண்டு மணியிலிருந்து நான்குவரை. நெரிசலுக்கு முன்னால், ஒன்றரை மணி வாக்கில் போய்விட்டால் சமையல்காரருக்கு உங்களுக்காகத் தனியாகச் செய்ய நேரம் இருக்கும். அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை இறந்தவர்களை நினைவுகூரும் ஹனால் பிஷான் நாட்கள். அப்போது எங்கும் கிடைக்கும் பிப் என்ற பெரிய தமாலில் கோழியும் மந்தேகாவும் உண்டு. எஸ்பெலோன் பயறு வைத்த வீகன் பிப் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அந்தத் தேதிகளில் வருபவர்கள் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

சாப்பிட்டு முடித்தாலும் நீங்கள் கேட்காமல் பில் வராது. "லா குவென்தா, போர் ஃபவோர்" என்று கேளுங்கள். டிப்ஸ் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வழக்கம், பெசோ நோட்டாகக் கையில் வைத்திருங்கள்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்