மனப்பாடம் ஒன்றுதான் வழியா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் ஆங்கில இறந்தகால வினைகளைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "இர்ரெகுலர் வினைகளுக்கு எந்த விதியும் கிடையாது; மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை." இர்ரெகுலர் என்றால், இறந்தகாலத்தில் வழக்கமான 'ஈ, டி' (-ed) சேராமல் வேறு விதமாக வருபவை. கீழே வழக்கமான மூன்று பத்தி அட்டவணை, ஆங்கில அகரவரிசையில். ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இந்த ஒரு வரியைக் கேட்டு, "இது நமக்கு வராது" என்று ஒதுங்கிப்போன பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பார்த்தவள். அதனால்தான் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

விதி கிடையாது என்பது உண்மையல்ல. சிங் – சேங் – சங், ரிங் – ரேங் – ரங், ட்ரிங்க் – ட்ரேங்க் – ட்ரங்க், ஸ்விம் – ஸ்வேம் – ஸ்வம். இவை ஒரே அச்சில் வார்த்தவை என்று காது இருக்கும் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். கீப் – கெப்ட், ஸ்லீப் – ஸ்லெப்ட், வீப் – வெப்ட், ஸ்வீப் – ஸ்வெப்ட், ஃபீல் – ஃபெல்ட்: இங்கே நெடில் குறிலாகிறது, கடைசியில் ஒரு 'ட்' சேருகிறது, அவ்வளவுதான். க்ரோ – க்ரூ, த்ரோ – த்ரூ, ப்ளோ – ப்ளூ இன்னொரு கூட்டம். பை, ப்ரிங், திங்க், கேட்ச், டீச், ஃபைட் ஆகியவை இறந்தகாலத்தில் பாட், ப்ராட், தாட், காட், டாட், ஃபாட் என்று இயைபுத் தொடை போல வந்து நிற்கின்றன. புட், கட், ஹிட், ஷட், ஹர்ட் மாறுவதே இல்லை; எல்லாமே 'ட்' ஒலியில் முடிபவை. கோ – வென்ட், பீ – வாஸ் போன்ற சிலவற்றை அப்படியே மனதில் வைக்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிலவற்றுக்காக மற்ற எல்லாவற்றையும் விதியில்லாதவை என்று எழுதலாமா?

இந்தக் கூட்டங்களை நான் வகுப்பில் சொல்லிக்கூடத் தரவில்லை. அட்டவணையைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்து, "ஒரே மாதிரி ஒலிப்பவற்றைச் சேர்த்து வையுங்கள்" என்றேன். பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். ஆங்கிலம் என்றாலே தலை குனிந்துகொள்ளும் ஒரு பையன் 'ஸ்டீல் – ஸ்டோல்' துண்டை எடுத்து 'ஸ்பீக் – ஸ்போக்' பக்கத்தில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அகரவரிசை அந்தப் பையனுக்கு என்ன கொடுத்திருக்கும்? அபைட், அரைஸ், அவேக். உங்கள் அட்டவணையின் முதல் மூன்று வரிகளும் இவைதான். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் வினைகள் பீ, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, டேக், சீ, கம் போன்றவை. எல்லாமே இர்ரெகுலர். முதல் நாளே கையில் கொடுக்க வேண்டிய இவற்றை, பிள்ளை ஆயுளில் ஒருமுறைகூடச் சொல்லப்போகாத அபைடுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வைக்கிறோம்.

அதிகம் புழங்குவதால்தான் அவை மாறாமல் தங்கின என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2007-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு பழைய ஆங்கிலத்தின் 177 இர்ரெகுலர் வினைகளை எடுத்துக்கொண்டது. இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 தான் அப்படியே நின்றன, இன்று 98. அரிதாகப் புழங்கியவை முதலில் மாறின. ஹெல்ப் என்ற வினைக்கு ஒரு காலத்தில் ஹோல்ப், ஹோல்பன் என்ற வடிவங்கள் இருந்தன. 1611-ன் கிங் ஜேம்ஸ் பைபிளில் 'ஹோல்பன்' இருக்கிறது. இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது: தோண்டுவதைக் குறிக்கும் 'டிக்' வினைக்கு இன்று நாம் 'டக்' (dug) என்று சொல்கிற இடத்தில் அதே பைபிளில் 'டிக்ட்' (digged) இருக்கிறது. அன்றைய ஒழுங்கு இன்று இல்லை, இன்றைய ஒழுங்கு அன்று இல்லை. இவ்வளவு சுவையான செய்தி இருக்க, வெறும் பட்டியலைப் போட்டுவிட்டு "மனப்பாடம் செய்" என்று பிள்ளைகளிடம் சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அப்புறம், அதே கட்டுரையில் 'கோ' என்பதன் இறந்தகாலத்தை 'கோட்' (goed) என்று சொல்லும் குழந்தைக்கு 'கவனக்குறைவு' என்று பட்டம் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் குழந்தையை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பெரியவர்கள் 'வென்ட்' என்றுதான் பேசுகிறார்கள். காதில் விழாத ஒரு வடிவத்தைக் குழந்தை தானே கட்டுகிறது என்றால், விதி அதற்குப் புரிந்துவிட்டது என்றுதான் பொருள். மொழி ஆய்வாளர் ஜீன் பெர்கோ 1958-லேயே இதைக் காட்டிவிட்டார். 'ரிக்', 'ஸ்பௌ' என்று இல்லாத வினைகளை உருவாக்கி, சிறு பிள்ளைகளிடம் "நேற்று அவன் என்ன செய்தான்?" என்று கேட்டார். வாழ்நாளில் கேட்டிராத வினைக்கும் பெரும்பாலான பிள்ளைகள் இறந்தகால விகுதியைச் சேர்த்துச் சொன்னார்கள். அப்படிப்பட்ட பிள்ளையின் தாளில் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் 'கேர்லெஸ்' என்று எழுதியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இப்போது அதை அச்சிலும் பார்க்கிறேன்.

'ஈ, டி' சேர்கிற ரெகுலர் வினைகளையாவது சரியாகச் சொல்லியிருக்கலாம். 'வாக்கெட், ஹெல்ப்பெட், ஆஸ்கெட்' என்று தமிழில் உச்சரிப்பு கொடுத்திருக்கிறீர்கள். ஈ, டி என்ற அந்த இரண்டு எழுத்துகளுக்கு மூன்று ஒலிகள் உண்டு. வாக்ட், ஹெல்ப்ட் என்பவற்றின் கடைசியில் 'பட்டம்' என்பதில் வரும் அழுத்தமான ஒலி. கால்ட், ஓபன்ட் என்பவற்றின் கடைசியில் 'பாடம்' என்பதில் வரும் மென்மையான ஒலி. வான்டிட், நீடிட் போல, வினையே இந்த இரண்டு ஒலிகளில் ஒன்றில் முடிந்தால் மட்டும்தான் தனியாக ஓர் அசை கூடும். செய்தான், உண்டான், நின்றான் என்று முன்னால் நிற்கும் ஒலிக்கேற்ப இடைநிலை மாறுவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது கடினமா? என் மாணவி ஒருத்தி ஒரு நேர்காணலில் 'ஆஸ்கெட்' என்றாள். எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு வெகுநாள் அவள் ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை. அச்சில் படித்ததைத்தான் அந்தப் பெண் நம்பிச் சொன்னாள்.

இதை எழுதும்போது பழையதெல்லாம் நினைவுக்கு வருகிறது. முன்பு உங்கள் விநாடி வினாவில் 'டிட் யூ வென்ட்' என்று அச்சாகியிருந்தது. 'டிட்' வந்துவிட்டால் 'கோ' தான் வர வேண்டும் என்று எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. இன்னொரு முறை, ஒரு பொருளைக் கீழே வைப்பதைக் குறிக்கும் 'லே – லெய்ட் – லெய்ட்' இருக்க வேண்டிய இடத்தில், படுப்பதைக் குறிக்கும் 'லை – லே – லெய்ன்' வந்தது. போட்டி ஒன்றில் 'லேர்ன்ட்' என்பதை 'ஈ, டி' இல்லாமல் கடைசியில் t போட்டு (learnt) எழுதிய மாணவருக்கு மதிப்பெண் இல்லை என்றீர்கள். பிரிட்டிஷ் வழக்கில் அது முழுக்கச் சரி. அந்தப் பிள்ளைக்குப் போன மதிப்பெண்ணை யார் திருப்பிக் கொடுப்பது? பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள். அவர்களுக்கு அதுதான் பாடநூல். அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

அடுத்த இதழில் அதே அட்டவணையை ஒலி ஒற்றுமைப்படி குழுக்களாகப் பிரித்து மறுபடி வெளியிடுங்கள். அதிகம் புழங்கும் வினைகளை மேலே போடுங்கள். மூன்று ஒலிகளையும் விளக்கி ஒரு சின்னக் கட்டம் சேருங்கள். இடம் போதவில்லை என்றால் அபைட், அவேக் வரிகளை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்