ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்: புகாருக்குப் பதில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பதினைந்து வருடமாக உங்களுக்குக் கட்டுரைகளை மதிப்பீடு செய்து கொடுத்து வருகிறேன். சம்பளம் கிடையாது, அதைக் கேட்டு இந்த மடலை எழுதவும் இல்லை. இதை எழுத வைத்தது ஒரு தூசி.

என் வேலைக்காகப் பழைய கட்டுரை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஆறு புரதப் பட்டைகள் (புரதம் இருப்பதைக் காட்டும் கருங்கோடுகள்) கொண்ட ஒரு படம். மூன்றாவது பட்டைக்குக் கீழே, இடப்பக்கமாக, வால் முளைத்த மாதிரி ஒரு சின்னக் கறை. படம் எடுக்கும்போது தூசி ஒட்டியிருக்கும், எல்லா ஆய்வகத்திலும் நடப்பதுதான். நாலு பக்கம் தள்ளி இன்னொரு படம். வேறு புரதம், வேறு சோதனை என்று கீழே எழுதியிருந்தது. அங்கே நான்காவது பட்டைக்கு மேலே, வலப்பக்கமாக, அதே கறை. வால் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அச்செடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். ஆறு பட்டையும் அச்சுப் பிசகாமல் பொருந்தின.

திருட்டு என்று அப்போதும் முடிவு கட்டவில்லை. கோப்பு மாறிப் போயிருக்கலாம், என் ஆய்வகத்திலேயே அப்படி நடந்திருக்கிறது. அசல் படத்தைக் கேட்டு வாங்கினால் ஒரே வாரத்தில் விஷயம் தெரிந்துவிடும். இதைத்தான் அந்த ஆய்விதழுக்கு எழுதினேன். உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது, புகார் எண்ணோடு. மூன்று மாதம் கழித்து நினைவூட்டினேன்: 'பரிசீலனையில் உள்ளது.' ஒரு வருடம் கழித்து மறுபடி. அதே இரண்டு சொல். இப்போது இருபத்தாறு மாதம் ஆகிறது. கட்டுரை அப்படியே இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் அதை மேற்கோள் காட்டிக்கொண்டும் இருக்கிறார்கள்.

உங்களிடம் விதிகளுக்குப் பஞ்சமில்லை. பதிப்பு நெறிமுறைகளுக்கான குழுவை ஆசிரியர்களே சேர்ந்து 1997-இல் தொடங்கினீர்கள். படத்தில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது, கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் தகராறு வந்தால் யாரைக் கேட்பது என்று படிப்படியாக வரைபடமே போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் சின்னம் உங்களில் பலருடைய முகப்பில் பளபளக்கிறது. வரைபடத்தின் முதல் கட்டத்தைத் தாண்டத்தான் ஆளைக் காணோம்.

என் கதை அபூர்வமானது என்று நினைக்க வேண்டாம். நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 20,621 கட்டுரைகளின் படங்களை அலசினார்கள். 3.8 சதவீதத்தில் முறையற்ற இரட்டிப்பு இருந்தது, அதாவது ஒரே படம் வேறு வேறு இடத்தில். கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார்கள். ஒருவர் கண்ணுக்குப் படுவது உங்கள் மேசையைத் தாண்டி எப்படி அச்சுக்குப் போகிறது என்பது தனிக் கேள்வி. போகட்டும். போனபின் ஒருவர் சுட்டிக்காட்டினால் என்ன நடக்கிறது?

மனம் வைத்தால் விரைவாகவே நடக்கிறது. 2020 மே 22 அன்று, கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுப்பது ஆபத்து என்று லான்செட் மருத்துவ ஆய்விதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. 96,000 நோயாளிகளின் தரவு என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்துச் சோதனையை நிறுத்தி வைத்தது. அப்புறம் யாரோ கணக்குப் பார்த்தார்கள்: ஆஸ்திரேலியாவில் இறந்தவர்கள் என்று அந்தத் தரவு காட்டிய எண்ணிக்கை, தரவு எடுக்கப்பட்ட நாள்வரை அந்த நாட்டில் பதிவான மொத்த எண்ணிக்கையைவிட அதிகம்! நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து மடல் எழுதினார்கள். தரவை வைத்திருந்த நிறுவனம் அதைச் சரிபார்க்கக் கொடுக்க மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதின்மூன்றே நாள்.

அதே லான்செட்டில்தான் 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை வந்தது. பன்னிரண்டு குழந்தைகளை வைத்து, தட்டம்மைத் தடுப்பூசிமேல் ஆட்டிசப் பழியைப் போட்ட கட்டுரை. 2004-இல் ஒரு பத்திரிகையாளர் குட்டை உடைத்தார், கூட எழுதியவர்களில் பத்துப் பேர் அதன் விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் முழுதாகத் திரும்பப் பெற 2010 வரை ஆனது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனை பெற்றோர் ஊசி வேண்டாம் என்று திரும்பிப் போயிருப்பார்கள்! உலகமே பார்த்துக்கொண்டிருந்தால் பதின்மூன்று நாள். யாரும் பார்க்காத என் தூசிக்கு இருபத்தாறு மாதம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் பக்கச் சங்கடம் தெரியாமல் பேசவில்லை. பலர் சம்பளமில்லாமலோ சொற்பத்துக்கோ இந்த வேலையைச் செய்கிறீர்கள். கட்டுரையைத் தொட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்ற பயமும் நியாயமானது. ஆனால் திரும்பப் பெறுவதற்கு முன்னால் ஒரு படி உண்டே! 'இந்தக் கட்டுரையின் படங்கள் குறித்துக் கேள்வி எழுந்துள்ளது, விசாரிக்கிறோம்' என்று ஒரு வரியைக் கட்டுரையின் தலையில் போடலாம். யாரையும் குற்றவாளி ஆக்காத வரி அது. படிக்கிறவர் கொஞ்சம் நிதானிப்பார்.

கடைசியில் திரும்பப் பெற்றாலும் காரணம் சொல்வதில்லை. 'கட்டுரையாளர்களின் வேண்டுகோளின்படி' என்று முடித்துவிடுகிறீர்கள். தானே தவறைக் கண்டுபிடித்து ஒப்புக்கொண்ட நேர்மையானவரும், தரவை ஜோடித்து மாட்டிக்கொண்டவரும் ஒரே வரிக்குள் அடக்கம். இப்படி இருந்தால் அடுத்தவர் எதற்குத் தானாக முன்வந்து ஒப்புக்கொள்ளப் போகிறார்?

காசுக்குப் போலிக் கட்டுரை தயாரித்துத் தரும் கட்டுரை ஆலைகளைப் பற்றி நீட்டி எழுதவில்லை. ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் ஆய்விதழ்களில் மட்டும் 2023-இல் 8,000-க்கு மேல் திரும்பப் பெறப்பட்டன, அதுவே போதும். திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ஏமாற்ற, சொல்லுக்குச் சொல் மாற்றி வைக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு 'கள்ள உணர்வு' ஆகிறது, மார்பகப் புற்றுநோய் 'நெஞ்சு அபாயம்' ஆகிறது. சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இதை இரண்டு மதிப்பீட்டாளர்களும் ஓர் ஆசிரியரும் படித்ததாகத்தானே கணக்கு?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புகார் வந்தால் முப்பது நாளுக்குள் ஒரு மனிதர் பதில் எழுத வேண்டும், தன் பெயரோடு. மூன்று மாதத்தில் அசல் தரவு வராவிட்டால், வரவில்லை என்பதைக் கட்டுரையின்மேலேயே எழுத வேண்டும். திரும்பப் பெற்றால் எந்தப் படம், எந்த அட்டவணை, யார் கண்டுபிடித்தது என்று சொல்ல வேண்டும். வெளியீட்டுக் கட்டணத்துக்கு ரசீது இரண்டு நிமிடத்தில் வருகிறது. ஆள் இல்லை, வசதி இல்லை என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

போன வாரம் அதே ஆய்விதழிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல். புதிய கட்டுரை ஒன்றை மதிப்பீடு செய்து தர வேண்டுமாம், கெடு பதினான்கு நாள். நேற்று நினைவூட்டலும் வந்துவிட்டது. உங்கள் வேண்டுகோள் பரிசீலனையில் உள்ளது.

இப்படிக்கு,
உங்கள் மதிப்பீட்டாளர்களில் ஒருவர்