தத்துவப் பேராசிரியர்களுக்கு, அல்சூர் மொட்டை மாடியிலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

தமிழில் தத்துவம் எழுதுகிறவர்கள், எழுத முடிந்தும் எழுதாமல் இருக்கிறவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடிப் படிக்கிறோம். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒரு அக்கா நர்ஸ், இரண்டு பேர் ஐடி, பீன்யாவில் ஃபோர்ஜிங் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நான் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். தத்துவத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை. நாலு வருஷமாக விடாமல் படிக்கிறோம்.

போன மாசம் நடந்ததைச் சொல்கிறேன். இந்தியத் தருக்கம் பற்றி எளிய தமிழில் வந்த ஒரு சின்னப் புத்தகம். அதில் அனுமானம் என்ற இடம். மலையில் புகை தெரிகிறது, அதனால் அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் பார்ப்பதுபோல. பத்து வரியில் முடித்துவிட்டு, அடுத்த பக்கமே நம் முன்னோர்களின் கூர்மையைப் பாராட்டப் போய்விட்டார் ஆசிரியர். பெரியவர் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "புகை இருந்தா நெருப்பு இருக்கும், சரி. நெருப்பு இருந்தா புகை இருக்கும்னு சொல்லலாமா? உலையிலேர்ந்து இடுக்கியில எடுக்கிற இரும்பு செக்கச்செவேல்னு இருக்கும், அதுல புகை வராதே. ஈர விறகு சேர்ந்தாத்தானே புகை?" என்றார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

தேடிப் பார்த்தோம். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தருக்க சங்கிரகத்தில் அப்படியே இருக்கிறது. அதே பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு, அதே ஈர விறகு. நெருப்பைக் கொண்டு புகையை ஊகித்தால் அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கும் ஈர விறகு என்ற நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். அடுத்த ஞாயிறு பெரியவரிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்ப அவர் பட்டறைக்குள்ள போய்ப் பார்த்திருக்கார்" என்றார்.

அந்தச் சின்னப் புத்தகத்தை எழுதியவருக்கு உபாதி தெரியாமல் இருக்காது. இவர்களுக்குப் புரியாது என்று எடுத்துவிட்டிருக்கிறார். சரி, ஆய்வுக் கட்டுரையைப் பார்ப்போம் என்று போனால், சாத்தியத்தில் வியாபித்துச் சாதனத்தில் வியாபியாதது உபாதி என்று ஒரே வாக்கியம், அதோடு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது, படிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு. இரண்டு எழுத்திலும் காணாமல் போவது ஒரே இடம்தான் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது: ஒரு கருத்திலிருந்து அடுத்ததற்கு எப்படி வந்தார்கள், நடுவில் யார் மறுத்தார்கள், மறுத்தவருக்கு என்ன பதில் சொன்னார்கள் என்ற அந்த வழக்கு. நாங்கள் வாரா வாரம் மாடி ஏறி வருவது அதற்காகத்தான்.

நம் மரபில் இதை யாரும் ஒளித்து வைக்கவில்லையே. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் மாற்றார் கொள்கைகளைப் பரபக்கத்தில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுத்த பிறகுதான் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறது. நீலகேசி என்ற சமணக் காப்பியம் முழுக்க முழுக்க வாதம். சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞான போதத்தின் 12 நூற்பாவுக்கு, 1785இல் மறைந்த சிவஞான முனிவர் சிற்றுரையும் எழுதினார், மாபாடியம் என்ற விரிவான உரையும் எழுதினார். ஒரே ஆள், ஒரே நூல், இரண்டு வகை வாசகர்! தருக்க சங்கிரகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அந்த நூலின் தொடக்கத்திலேயே பாலர் சுலபமாக அறிவதற்காக எழுதுகிறேன் என்கிறார் அன்னம்பட்டர். பாலர் என்றால் பால்குடிக் குழந்தை என்று எடுத்துக்கொள்ளாதே, சொன்னதைப் பிடித்துக்கொண்டு மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடியவர் என்று விளக்கம் சொல்வது உரை மரபு. எங்களை அந்தப் பாலராக நினைத்து எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வெளியிலும் இப்படி நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஹியூம் இளம் வயதில் எழுதி 1739, 1740இல் வந்த பெரிய நூலை அதிகம் பேர் சீண்டவில்லை. அவர் அதன் முதல் பகுதியைச் சுருக்கித் தெளிவாக்கித் திரும்ப எழுதி 1748இல் வெளியிட்டார், வாதத்தின் கூர்மை மழுங்கவில்லை, இன்றைக்கும் வகுப்பில் அதைத்தானே வைக்கிறீர்கள்.

பொதுவாசகருக்கு எழுதினால் பதவி உயர்வுக்கு உதவாது என்பது எங்களுக்கும் தெரியும். அது அநியாயம். அதை உங்கள் துறைக்குள் நீங்கள்தான் பேச வேண்டும். ஆனால் இந்த ஊரில் ஒரு கருத்தரங்கில் நான் எழுந்து கேள்வி கேட்டபோது, இது துறைக்குள் பேச வேண்டியது என்று சொல்லி உட்கார வைத்தார்களே, அதற்கும் பதவி உயர்வுக்கும் சம்பந்தம் இல்லை.

கலைச்சொல்லை எடுத்துவிடாதீர்கள். முதல் தடவை வரும்போது உலையையோ அடுக்களையையோ காட்டி விளக்குங்கள், பிறகு தாராளமாகப் பயன்படுத்துங்கள், அந்தச் சொல் கையில் இருந்தால்தான் நாங்கள் மூலத்துக்குப் போக முடியும். ஒருவர் அனுமானம் என்கிறார், இன்னொருவர் கருதலளவை, வேறொருவர் உய்த்துணர்வு. மூன்றும் வேறு வேறு என்று நினைத்து மூன்று வாரம் குழம்பினோம். நீங்கள் எந்தச் சொல்லைத் தேர்ந்தீர்கள், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அடியில் ஒரு வரி போட்டிருந்தால் போதும். அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிற இடத்தில் இருக்கிறது என்றே எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு அத்தியாயத்தையாவது எங்களைப் போன்றவர்கள் முன்னால் வாசித்துக் காட்டுங்கள், எங்கே முகம் சுருங்குகிறது என்று பாருங்கள்.

இப்போது மணிமேகலையின் 29ஆம் காதையில் இருக்கிறோம். ஆவியா பனியா என்று ஐயம் இருக்கும்போதே அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது பிழை என்று அங்கே வருகிறது. நந்தி மலைப் பனியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபட்டது. பெரியவர் அதையும் தாண்டிப் போய்விட்டார்: "எத்தனை அடுக்களையைப் பார்த்தா எல்லா இடத்துலயும் அப்படித்தான்னு சொல்லலாம்?" நேரில் காண்பதை மட்டுமே நம்பிய சார்வாகர் கேட்ட கேள்வி, ஹியூம் கேட்ட கேள்வி. அன்னம்பட்டர் வந்த தருக்க மரபான நியாயத்தார் இதற்கு என்ன பதில் சொன்னார்கள், அந்தப் பதில் நிற்குமா என்று உங்களில் ஒருவர் எழுதுங்கள். எங்களுக்கும் புரிய வேண்டும், உங்கள் சக பேராசிரியர் படித்தாலும் குறை சொல்லக் கூடாது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறோம்.

அன்புடன்,
அல்சூர் மாடிக்காரர்கள் சார்பாக