பேட்டரி பஸ் வரட்டும், ஏற வழியும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் 2025 ஜூன் கடைசியில் தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வேலூரிலும் டீக்கடை முதல் வாட்ஸ்அப் குரூப் வரை "நம்ம ஊருக்கு எப்போ" என்ற பேச்சுதான். வரட்டும், நல்லதுதான். ஆனால் புகை விடாமல் போய்வருகிறவர்கள் இந்த ஊரில் ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்கள். மண்டித் தெருவில் மூட்டை இறக்கிவிட்டு நடந்தே வீடு திரும்புகிறவர், சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரத்துக்கு இலையும் தூளும் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வரும் அம்மா, அரசு கொடுத்த சைக்கிளில் பிளஸ் ஒன் படிக்கப் போகும் பிள்ளை. இவர்கள் யாரும் சுற்றுச்சூழலைக் காப்பாற்ற அப்படிப் போகவில்லை, வேறு வழியில்லை, அவ்வளவுதான். கையில் நாலு காசு சேர்ந்தால் முதல் வேலையாகத் தவணையில் ஒரு ஸ்கூட்டர் எடுப்பார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் எங்கள் ஊரில் நடப்பதும் பஸ் ஏறுவதும் அந்த லட்சணத்தில் இருக்கிறது.

முதலில் படி. என் மாமியாருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. பஸ் வந்து நின்றதும் பையை மேலே வைத்துவிடுவார், அப்புறம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு எந்தக் கால் கொஞ்சம் தேவலை என்று பார்த்து அதைத் தூக்குவார், பின்னாலிருந்து யாராவது இடுப்பில் கை கொடுத்தால்தான் உடம்பு மேலே போகும். அதற்குள் விசில் ஊதியாகிவிடும். "இன்னாம்மா, சீக்கிரம் ஏறு, டைம் ஆவுது" என்று ஒரு குரல். நடத்துநரையும் முழுக்கத் திட்ட மனசு வரவில்லை, பின்னாலேயே தனியார் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும், டிரிப் முடிக்கும் நேரக் கணக்கு அவர் தலையில். ஆனால் அந்த உயரத்தில் படியை வைத்தது அவரில்லையே.

மத்திய அரசின் நகரப் பேருந்து விதிமுறையில் தரையிலிருந்து பஸ்ஸின் தளம் எவ்வளவு உயரம் என்பதற்கு மூன்று வகை சொல்லியிருக்கிறார்கள்: 400 மில்லிமீட்டர், 650, 900. இங்கே நாம் வழக்கமாக ஏறும் பஸ் அந்த 900 வகை, கிட்டத்தட்ட மூன்றடி. சென்னையில் இப்போது ஓடும் தாழ்தள பஸ் 400 வகை. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கிக்கொடுக்கும், கதவருகே இருக்கும் பலகையை விரித்தால் சக்கர நாற்காலி உருண்டே உள்ளே போகும். அந்த ஊர் முழங்காலுக்கு ஒரு படி, நம் ஊர் முழங்காலுக்கு வேறு படி என்று கணக்கு உண்டா என்ன?

அதிலும் வேலூருக்கு இது கூடுதலாக உறுத்த வேண்டிய விஷயம். 1954-ல் ஒரு சாலை விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் வேலை பார்த்தது இங்கேதான், சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். அவருடைய முயற்சியில் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் 1966-ல் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இன்றைக்கும் எங்கெங்கிருந்தோ வந்து அங்கே தங்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது, தன் வேலையைத் தானே எப்படிச் செய்துகொள்வது என்று மாதக்கணக்கில் பழகுகிறார்கள். சரி, பழகி முடித்து வெளியே வருகிறார்கள். காட்பாடி ரயில் நிலையத்துக்கும் பாகாயத்துக்கும் இடையே நாள் முழுக்க டவுன் பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதில் ஒன்றில்கூட அவர்களால் தானாக ஏற முடியாது. ஆட்டோதான். அதுவும் நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டி, ஆளை இரண்டு பேர் தூக்கி உட்காரவைத்து, அதற்குத் தனிக் காசு கொடுத்து. தமிழ்நாட்டிலேயே தாழ்தள பஸ்ஸை முதலில் ஓட்டியிருக்க வேண்டிய வழித்தடம் அது என்று நான் சொன்னால் ஊர்ப்பற்றில் சொல்வதாக நினைக்காதீர்கள்.

"உங்க ஊர் ரோட்டுக்கு தாழ்தள பஸ் தாங்காது, வேகத்தடையில் அடி உரசும், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும்" என்பார்கள். உண்மைதான், உரசும். அப்படியென்றால் வேகத்தடையை விதிப்படி போடுவதும் தண்ணீர் வடிய வழி செய்வதும்தானே வேலை? ரோடு சரியில்லை என்பதற்காகக் கார் விற்பதை யாரும் நிறுத்தி வைக்கவில்லையே! 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பஸ் நிலையம், ரயில் நிலையம், வண்டி எல்லாமே அவர்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது.

பஸ்ஸைவிட மோசம் நடைபாதை. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை ஆற்காடு சாலைப் பக்கம், நாள் முழுக்க நோயாளிகள் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கால்வாய் மேல் சிமெண்ட் மூடி போட்டதுதான் பல இடங்களில் நடைபாதை. ஒரு மூடி உயரமாக இருக்கும், அடுத்தது பள்ளமாக இருக்கும், நடுவில் ஒன்று இருக்காது. கொஞ்சம் தள்ளி மின்கம்பம், அதை ஒட்டி டிபன் கடை அடுப்பு, அப்புறம் வரிசையாக பைக். ஊன்றுகோலோடு வருகிறவர் இரண்டடி எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு ரோட்டில் இறங்கிவிடுவார், அங்கே ஷேர் ஆட்டோ முட்டியை உரசிக்கொண்டு போகும். மூக்கில் குழாய் செருகிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் எக்ஸ்ரே உறையோடு தாய்மார்கள் அந்த ரோட்டை எப்படிக் கடக்கிறார்கள் என்று அதிகாரிகள் ஒரு தடவை வந்து நின்று பார்க்கட்டும். தள்ளுவண்டிக்காரரை விரட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை, அவருக்கும் பிழைப்பு இருக்கிறது, மறித்து நிற்பதில் பெரும்பங்கு பைக்கும் காரும்தான். ஆனால் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வண்டி வந்தால் முதலில் போவது இளநீர்க் கடைதான்.

இந்த ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அக்னி நட்சத்திரத்தில் வேலூர் பெயர் தினமும் பேப்பரில் வரும். நிழற்குடை என்று வைத்திருக்கும் இடங்களில் எவர்சில்வர் இருக்கை. பகல் பன்னிரண்டு மணிக்கு அதில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். பல நிறுத்தங்களில் அதுவும் இல்லை, எதிர்க் கடையின் நிழலில் ஒண்டிக்கொண்டு பஸ் வரும்போது ஓட வேண்டும். ஓட முடியாதவர்?

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அடுத்து மாற்றுத்திறனாளிகளும் உடன் வருபவரும் திருநங்கைகளும் சேர்க்கப்பட்டார்கள். இந்தத் திட்டத்தால் மாசச் செலவில் மிச்சம் பிடித்த வீடுகளை எங்கள் தெருவிலேயே காட்டுவேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டணமில்லாத அந்த பஸ் வர வேண்டுமே. டவுனை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் என்று இருக்கும் ஊர்கள் உண்டு, நடுவில் வருவது தனியார் பஸ் அல்லது ஷேர் ஆட்டோ, இரண்டுக்கும் காசு. ஆண்கள் பெரும்பாலும் காலையில் வேலைக்குப் போய் ராத்திரி திரும்புவார்கள். பெண்கள் பதினோரு மணிக்கு ரேஷன் கடை, அங்கிருந்து ஆஸ்பத்திரி, மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வாசல் என்று துண்டு துண்டாகப் போய்வருகிறார்கள், அந்த நேரத்தில்தான் பஸ் குறைவு. பெண்கள் கூட்டமாக நின்றால் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்துகிற பழக்கமும் இருக்கிறது, "ஓசி" என்று காதில் விழும்படி ஒரு பேச்சு வேறு.

இதெல்லாம் முடியாத காரியமில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிகள் விடியற்காலையில் கிராமம் கிராமமாக பஸ் அனுப்பிப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஷிஃப்ட் தவறக்கூடாது, அதனால் பஸ்ஸும் தவறுவதில்லை. அதே கிராமத்துப் பாட்டி அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் காலையில் சீட்டு வாங்க வேண்டுமென்றால் அவருக்கான நேரத்தில் பஸ் இல்லை, போனாலும் திரும்பும்போது பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொன்று மாற வேண்டும்.

மலையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த கைக்குழந்தையைச் சரியான சாலை இல்லாததால் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை, இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் மலை மேல் நடந்தார். நாடே பார்த்த செய்தி அது. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கத்துச் சின்னச் சின்ன மலைக் கிராமங்களில் இருப்பவர்களிடம் போய் மாசில்லாப் போக்குவரத்து என்று பேசினால் சிரிப்பார்கள், ஆயுசு முழுக்க மாசில்லாமல் நடந்தவர்கள்தானே.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். சிகிச்சைக்கு வரும் மேற்கு வங்க, ஜார்கண்ட் மக்களுக்காக இங்கே லாட்ஜ், ஓட்டல், மருந்துக்கடை எல்லாம் பெங்காலியிலும் இந்தியிலும் பலகை வைத்துவிட்டன. பஸ்ஸில் இடத்தின் பெயரோடு ஒரு எண்ணைப் பெரிதாக எழுதி, நிறுத்தம் வரும்போது ஒலிபெருக்கியில் சொன்னாலே போதும், அவர்களும் ஆட்டோக்காரர் சொன்ன ரேட்டுக்குப் போக வேண்டாம், பார்வையற்றவர் பக்கத்து சீட்டில் கேட்டுக்கேட்டு இறங்கவும் வேண்டாம்.

வாகனங்களை விட்டுவிட்டு மனிதர்கள் போய்வருவதைப் பார்த்துத் திட்டம் போடுங்கள் என்று 2006-லேயே தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை சொல்லிவிட்டது. வேலூர் 2016-ல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் வந்தது, புதிய பஸ் நிலையம் 2022-ல் திறந்தார்கள். இனி மின்சார பஸ் வாங்குவதாக இருந்தால் டெண்டரில் 400 மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். முதல் வழித்தடமாகக் காட்பாடி–பாகாயம் இருக்கட்டும். அந்த வழியில் உள்ள நிறுத்தங்களில் நடைபாதையையும் நிழலையும் பஸ் வருவதற்கு முன்பே சரிசெய்யுங்கள், வந்த பிறகு பார்க்கலாம் என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை. ஆர்டர் கொடுக்கும் முன் மாதிரி பஸ் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, சக்கர நாற்காலிக்காரர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு தாய், பார்வையற்ற ஒருவர், முழங்கால் வலிக்காரர் ஒருவர் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். தேதியை உங்கள் பேப்பரில் போட்டால் போதும், என் மாமியாரை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.