பெற்றவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்: பல்கலைக்கழகங்களை அளப்போருக்கு ஒரு திறந்த மடல்

நிலையான வளர்ச்சி இலக்குகளுக்குப் பல்கலைக்கழகங்கள் எவ்வளவு பங்களிக்கின்றன என்று ஆண்டுதோறும் மதிப்பெண் போடும் தரவரிசை அமைப்புகளின் முறையியல் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் வேலை சுலபமானதல்ல என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். 2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை வறுமை ஒழிப்பு, உடல்நலம், கல்வி போன்ற 17 இலக்குகளையும் அவற்றின் கீழ் 169 துணை இலக்குகளையும் ஏற்றுக்கொண்டபோது, அவை நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2017-இல் ஏற்கப்பட்ட குறிகாட்டிகளும் அப்படித்தான்: வறுமை விகிதம், பேறுகால இறப்பு விகிதம், மின்சாரம் கிடைத்த மக்களின் விகிதம். துணை இலக்கு 4.3 பல்கலைக்கழகக் கல்வியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் கட்டுப்படியாகும் செலவில் அது எல்லோருக்கும் கிடைக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. தனியொரு நிறுவனம் உலகத்துக்கு என்ன செய்தது என்று அளக்க ஐ.நா. எந்தக் கருவியையும் தரவில்லை. அந்த வேலையை நீங்கள் கையில் எடுத்தீர்கள்.

இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய கிரீன்மெட்ரிக் என்ற தரவரிசை, வளாகத்தின் மின்சாரம், தண்ணீர், குப்பை, போக்குவரத்தை அளந்தது. பிரிட்டனின் உயர்கல்வி இதழான டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் 2019-இல் 11 இலக்குகளோடு இம்பாக்ட் ரேங்கிங்ஸ் என்ற தரவரிசையைத் தொடங்கி, அடுத்த ஆண்டே 17-க்கும் விரித்தது. 2022-இல் கியூஎஸ் என்ற தரவரிசை நிறுவனமும் வந்து சேர்ந்தது. இந்த மடல் பெரும்பாலும் இம்பாக்ட் ரேங்கிங்ஸை வைத்தே பேசுகிறது. இலக்குகளை ஒவ்வொன்றாகத் தொடுவது அதுதான். கணக்குப் போடும் முறையை வெளிப்படையாகப் பிரசுரிப்பதும் அது. பிரசுரிப்பதால்தான் குறை சொல்ல முடிகிறது. அதற்கு நன்றி சொல்லிவிட்டே குறைக்கு வருகிறேன்.

முதலில் கூட்டல் கணக்கு, 2024 முறையியலின்படி. மொத்த மதிப்பெண்ணில் 17-ஆம் இலக்குக்கு, அதாவது கூட்டாண்மைக்கு, 22 விழுக்காடு. மீதி 78-ஐ மற்ற இலக்குகளில் அந்தப் பல்கலைக்கழகம் நன்றாகச் செய்த மூன்று பகிர்ந்துகொள்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 26. ஆக, நான்கு இலக்குகளுக்குத் தரவு கொடுத்தால் போதும். மீதிப் பதின்மூன்றுக்குத் தரவே அனுப்பாவிட்டாலும் அதற்காக ஒரு புள்ளி குறையாது. ஒரு பல்கலைக்கழகம் சுத்தமான குடிநீர், கடல்வாழ் உயிர்கள், வறுமை ஒழிப்பு என்ற மூன்றில் மேலே வருகிறது. இன்னொன்று உடல்நலம், தொழில்துறை, அமைதியும் நீதியும் என்ற மூன்றில். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து, முன்னது 84-ஆம் இடம், பின்னது 85-ஆம் இடம் என்றால் அந்த ஓர் இட வித்தியாசத்துக்கு என்ன பொருள்? வேறு வேறு பாடத்தில் தேர்வு எழுதிய இருவருக்கு வகுப்பில் ராங்க் போடுவதுபோல்தான் இது. இலக்குவாரியான பட்டியல்களை வைத்துக்கொண்டு மொத்தப் பட்டியலை மட்டும் விட்டுவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பார்க்கிறேன். செய்திக்குறிப்பு எழுதுவோருக்குத்தான் தெரிகிறது.

இந்த நெகிழ்வு இருப்பதால்தான் சிறிய, வசதி குறைந்த நிறுவனங்களும் பங்கேற்க முடிகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். அது உண்மைதான். 2019-இல் 450-க்குச் சற்று மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இருந்த இடத்தில், 2024-இல் மொத்தப் பட்டியலில் 1,963 வந்தன. ஆராய்ச்சிப் புகழை வைத்துப் போடும் பழைய பட்டியல்களில் பெயரே வராத பல நிறுவனங்கள் இதில் வந்திருப்பது நல்ல விஷயம். பங்கேற்பைப் பெருக்கியதற்குப் பாராட்டு. ஆனால் பங்கேற்பு வேறு, பங்களிப்பு வேறு.

அடுத்தது சான்று. எனக்கு உறுத்தல் அதிகம் இங்கேதான். ஒரு கொள்கை இருக்கிறதா, அதற்குச் சான்று உண்டா, அது இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறதா என்று கேட்டு மதிப்பெண் தருகிறீர்கள். 17-ஆம் இலக்குக்குள், ஒவ்வோர் இலக்கைப் பற்றியும் அறிக்கை வெளியிட்டதற்கு மட்டும் நூற்றுக்கு 27.2 என்று உங்கள் முறையியல் ஏடு ஒதுக்கியிருந்தது. மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்வதற்கு 18.5. அதாவது, கூட்டாண்மை என்ற இலக்கிலேயே கூட்டுச் சேர்வதைவிட அறிக்கை எழுதுவதற்கு மதிப்பு அதிகம்.

தரவு அனுப்பும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதன் விளைவு நன்றாகத் தெரியும். சமர்ப்பிக்கும் காலம் நெருங்கும்போது ஒவ்வொரு துறைக்கும் மின்னஞ்சல் போகும்: 'கடந்த ஆண்டு நடந்தவற்றில் இலக்கு எண் போடக்கூடியவற்றை அனுப்பவும்.' தண்ணீர் சிக்கனம் பற்றி நடந்த ஒரு மதியச் சொற்பொழிவு 6-ஆம் இலக்கான குடிநீருக்குப் போகும், 11-ஆன நகரங்களுக்குப் போகும், 13-ஆன காலநிலைக்குப் போகும், யாராவது உற்சாகமானவர் கையில் கிடைத்தால் 14-ஆன கடல்வாழ் உயிர்களுக்கும் போகும். எந்த ஆண்டும் நடப்பதுதான் நடந்திருக்கும். இலக்கின் சின்னமான வண்ணச் சதுரம் ஒன்று புதிதாக ஒட்டப்பட்டிருக்கும். பக்கங்கள் பெருகும், புரிந்துணர்வு ஒப்பந்தப் படங்கள் பெருகும். இதைச் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்கிறார்கள்?

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். உங்கள் படிவம் ஒவ்வொருவரிடமும் அவரவர் முதுகைப் பற்றித்தான் கேட்கிறது.

ஆராய்ச்சிப் பகுதிக்குப் பெரும்பாலான இலக்குகளில் ஏறக்குறைய 27 விழுக்காடு. இங்கே தரவு எல்சேவியர் பதிப்பகத்தின் ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோபஸிலிருந்து வருகிறது, பல்கலைக்கழகம் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ள வழியில்லை. ஆனால் எந்தக் கட்டுரை எந்த இலக்கைச் சேர்ந்தது என்பதை யார் முடிவு செய்வது? தேடுசொற்களும், அவற்றின் மேல் ஓடும் கணினி வகைப்பாடும். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் தாங்களே ஒரு தேடல் முறையை உருவாக்கி, எல்சேவியரின் முறையோடு வைத்துப் பார்த்தார்கள். ஒரே இலக்குக்கு இரண்டும் பிடித்துக் கொடுத்த கட்டுரைகளில் பொதுவானவை குறைவாகவே இருந்தன. 'வறுமை' என்ற சொல் சுருக்கத்தில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை வறுமையைக் குறைத்துவிடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கோபஸில் பெரும்பகுதி ஆங்கில இதழ்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் நிர்வாகிகளும் செவிலியர்களும் படித்துப் பயன்படுத்தட்டும் என்று அவர்கள் மொழியிலேயே ஒருவர் எழுதினால், அந்த எழுத்து பெரும்பாலும் உங்கள் கண்ணில் படாது. பயன்பட வேண்டியவருக்கு நெருங்கிப் போகப் போக மதிப்பெண் குறைகிறது.

காலமும் ஒரு பிரச்சினை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இருந்த மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும், குளிர்சாதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃபுளூரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் எழுதினார்கள். தொழில்துறை எதிர்த்தது. அன்டார்க்டிகாவுக்கு மேல் ஓசோன் மெலிந்துபோனதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தது 1985-இல். அந்த வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்திய மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987-இல். கட்டுரைக்கும் உலக ஒப்பந்தத்துக்கும் நடுவே 13 ஆண்டுகள். நீங்கள் ஐந்தாண்டுக் கட்டுரைகளை எண்ணுகிறீர்கள். அந்த ஐந்தாண்டுக்குள் இர்வைனுக்கு எத்தனை மேற்கோள் கிடைத்திருக்கும் என்று சொல்லிவிடலாம். என்ன நடந்தது என்று சொல்லியிருக்க முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஏழைகளுக்குத் தரும் சிறு கடனான நுண்கடன் வறுமையை ஒழிக்கும் என்று உலகமே நம்பிய காலத்தில், அதைப் பாடமாக வைத்து, மையம் திறந்து, மாணவர்களைக் களத்துக்கு அனுப்பிய ஒரு பல்கலைக்கழகம் உங்கள் படிவத்தில் முதல் இலக்குக்கு நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கும். 2015-இல் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த சீரற்ற ஒப்பீட்டுச் சோதனைகளின் (குலுக்கல் முறையில் பிரித்த குழுக்களை ஒப்பிடுபவை) முடிவுகள் ஒன்றாக வெளிவந்தன. ஓரளவு நன்மை உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப் போடும் அளவுக்கு இல்லை என்பதே அவற்றின் சாரம். அந்த முடிவைக் கண்டுபிடித்தவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான். நல்ல எண்ணத்தையும் நடந்த விளைவையும் பிரித்துப் பார்க்கும் கருவிகளை இந்த நிறுவனங்களே செய்து வைத்திருக்கின்றன. தங்களை அளக்கும்போது மட்டும் அவற்றை எடுப்பதில்லை. நீங்களும் எடுக்கச் சொல்வதில்லை.

சரி, வேறு என்னதான் செய்வது? ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சீரற்ற சோதனை நடத்துங்கள் என்று கேட்கவில்லை. கேட்பது இதுதான்: பயனைப் பெற்றதாகச் சொல்லப்படுபவரிடம் கேளுங்கள்.

பிரிட்டனின் ஆராய்ச்சி மதிப்பீடு 2014-இல் இந்த வழியில் பாதித் தூரம் போனது. வளாகத்துக்கு வெளியே நிகழ்ந்த தாக்கத்துக்கு மொத்த மதிப்பில் 20 விழுக்காடு வைத்தார்கள். 6,975 தாக்க விவரங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும், சொன்னதை உறுதிப்படுத்தக்கூடிய வெளிச் சான்றுகளைக் காட்ட வேண்டியிருந்தது. மதிப்பிட்ட குழுக்களில் ஆராய்ச்சியைப் பயன்படுத்தும் வெளியாட்களும் உட்கார்ந்தார்கள். குறை இல்லாமல் இல்லை. செலவும் உழைப்பும் அதிகம் என்ற புகார் எழுந்தது. அதைவிடப் பெரிய குறை, எந்தக் கதையைச் சொல்வது என்பதைப் பல்கலைக்கழகமே தேர்ந்தெடுத்தது. தோற்றுப்போன திட்டத்தை யார் அனுப்புவார்கள்?

ஆகவே தேர்வை நீங்கள் செய்யுங்கள். பல்கலைக்கழகம் தன் கூட்டாளிகள் எல்லோரையும் பட்டியலிடட்டும்: நகராட்சி, மருத்துவமனை, பள்ளி, மீனவர் சங்கம், சிறு தொழிலகம், எதுவாயினும். அதிலிருந்து குலுக்கல் முறையில் நீங்கள் சிலரை எடுங்கள். அவர்களுடைய மொழியில், பல்கலைக்கழகத்தின் வழியாக இல்லாமல் நேரே, மூன்றே கேள்வி கேளுங்கள். இவர்கள் வந்ததால் என்ன மாறியது? இவர்கள் வராவிட்டாலும் அது நடந்திருக்குமா? நிதி முடிந்த பிறகும் அது ஓடுகிறதா? கணக்குத் தணிக்கையில் எல்லா ரசீதையும் யாரும் பார்ப்பதில்லை. எந்த ரசீது கேட்கப்படும் என்று தெரியாமல் இருப்பதே பாதி ஒழுங்கைக் கொண்டுவந்துவிடும். அப்புறம், பட்டியலில் இருக்கும் கூட்டாளி 'அப்படியா, எங்கள் பெயரும் இருக்கிறதா?' என்று ஆச்சரியப்பட்டால், அதையும் ஒரு தரவாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி முக்கியம். பத்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரு தடுப்பூசித் திட்டத்தில் வேலை செய்தால், பத்தும் அதை முழுசாகத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கின்றன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் உலகத்தில் இருக்கும் குழந்தைகளைவிட அதிகக் குழந்தைகள் காப்பாற்றப்பட்டிருப்பார்கள். யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பிரிப்பது வீண்வேலை. அதை நான் கேட்கவில்லை. 'உங்கள் பங்கு எந்த இடத்தில், எந்த அளவில்?' என்று எழுதச் சொல்லி, அதை அடுத்தவரிடம் சரிபார்த்தாலே போதும்.

கழித்தலும் வேண்டும். வளாகம் விரிந்ததால் சுற்றுப்புற வாடகை ஏறி இடம்பெயர்ந்தவர்கள், மாநாடுகளுக்கான விமானப் பயணத்தின் உமிழ்வு, அறக்கட்டளை நிதி எந்தத் தொழிலில் முதலீடாக இருக்கிறது என்பது, இவை எதுவும் பங்களிப்பைக் குறைப்பதில்லை. எட்டாம் இலக்கில் ஒப்பந்தப் பணியாளர் உரிமை பற்றிக் கேட்கிறீர்கள், நல்லது. ஆனால் கேட்பது கொள்கை இருக்கிறதா என்று. இரவில் கட்டடத்தைக் காவல் காப்பவருக்கு என்ன சம்பளம், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் பதில் ஒரே வரிதான்.

உங்கள் அளவீட்டில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நான்காம் இலக்கில், குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்குள் வரும் மாணவர்களின் விகிதத்துக்கு 30.8 விழுக்காடு கொடுத்திருக்கிறீர்கள். இதை அறிக்கையால் உருவாக்க முடியாது. ஆள் வந்தால்தான் எண் வரும். ஆனால் நீங்கள் எண்ணுவது படிப்பைத் தொடங்குபவர்களை. இரண்டாம் ஆண்டில் கட்டணம் கட்ட முடியாமலோ பாடம் புரியாமலோ போனவர்களும் அந்த எண்ணில் மதிப்பெண்ணாக நிற்கிறார்கள். கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு அதோடு மறந்துவிடும் நிறுவனமும், கடைசிவரை கூட நின்று பட்டம் வாங்கவைக்கும் நிறுவனமும் உங்கள் பட்டியலில் சமம்.

மேலே கேட்ட மற்றவற்றுக்கு ஆலோசனை, ஆள்பலம், பணம் எல்லாம் வேண்டும், இரண்டு மூன்று சுற்று ஆகலாம் என்பது புரிகிறது. இலக்குகளின் கெடுவான 2030-க்கு முன் முடிந்தால் மகிழ்ச்சி. இது ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சுற்றுப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்: சேர்ந்த முதல் தலைமுறை மாணவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? யார் முதல் தலைமுறை என்பது சேர்க்கைப் படிவத்திலேயே கேட்கப்பட்டிருக்கிறது, யார் முடித்தார்கள் என்பது தேர்வுப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எண்ணச் சொன்னால் எண்ணி அனுப்புவோம்.

இப்படிக்கு,
தரவு அனுப்பும் பக்கத்திலிருந்து ஒருவர்