லாரிக்கு வரும் பையனை விரட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கமெல்லாம் லாரி ஓட்ட ஆள் கிடைக்காமல் வண்டிகள் சும்மா நிற்கின்றன என்று உங்கள் பேப்பரில் படித்தேன். செய்தி சரிதான். ஆனால் அதில் முதலாளிகள் பேசியிருக்கிறார்கள், சங்கத்துக்காரர்கள் பேசியிருக்கிறார்கள், ஓட்டுகிறவன் ஒருத்தனும் பேசவில்லை. அதனால் ராசிபுரத்திலிருந்து ஒரு டிரைவர் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு பையன் லாரிக்குப் போகிறேன் என்று சொன்னால் முதலில் வீட்டில் அம்மா அழுவார். அப்புறம் சொந்தக்காரர்கள் வந்து "வேற வேலையே கிடைக்கலையா?" என்பார்கள். அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பழைய டிரைவர் யாராவது, நாங்கள்தான் வேறு யார், "லாரிக்காரனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்கடா" என்று ஒரு போடு போடுவோம். இவ்வளவையும் தாண்டி ஒருத்தன் வந்தால் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். எல்லோரும் சேர்ந்து விரட்டிவிட்டு, ஆள் இல்லை என்று பேட்டி கொடுத்தால் எப்படி?

முன்பு இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் வண்டியில் கிளீனர் என்று ஒருத்தன் இருந்தான். நானும் அப்படி ஏறியவன்தான். தார்பாய் போடுவது, கயிறு இழுத்துக் கட்டுவது, ஸ்டெப்னி மாற்றுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுப்பது, எந்த ஊரில் எந்த ஆபீஸில் ரிட்டர்ன் லோடு கிடைக்கும், எங்கே நிறுத்தித் தூங்கினால் டீசல் திருட்டுப் போகாது, இதெல்லாம் யாரும் பாடம் நடத்தாமலே தெரிந்துவிடும். டிரைவர் திட்டுவார், சிலர் கையும் நீட்டுவார்கள், அதை நியாயம் என்று சொல்லவில்லை, ஆனால் கூடவே விஷயம் தெரிந்த ஒரு ஆள் இருந்தார். இப்போது வாடகை கட்டுப்படியாகவில்லை, கிளீனருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்று நிறைய வண்டிகள் ஒற்றை டிரைவரோடு ஓடுகின்றன. முதலாளியை மட்டும் குறை சொல்ல முடியாது, டீசல் விலையும் டோல்கேட்டும் அப்படி இருக்கிறது. ஆனால் கிளீனரை இறக்கிவிட்ட அன்றைக்கே அடுத்த டிரைவர் உருவாகும் இடத்தையும் சேர்த்து மூடிவிட்டோம், இதை உங்கள் செய்தியில் ஒருத்தரும் சொல்லவில்லை.

சரி, இனி வருகிற தம்பிகளுக்கு. நல்ல மனசோடு வாருங்கள். அதற்காக, எல்லாம் தானாக நடக்கும் என்று விபூதி பூசிக்கொண்டு ஏறுவதைச் சொல்லவில்லை. லோடிங் பாயிண்டில் காலையில் போய் நின்றால் சாயங்காலம் வரைக்கும் கூப்பிட மாட்டார்கள், குடோன்காரர் வயது வித்தியாசம் பார்க்காமல் வாடா போடா என்பார், குளிக்க இடம் தேட வேண்டும், மழையில் நடுராத்திரி ஏறித் தார்பாயைச் சரிசெய்ய வேண்டும். இது எல்லாம் உண்டு. இது உண்டு என்று தெரிந்து வந்து, அந்த எரிச்சலைக் கீழேயே விட்டுவிட்டு ஸ்டியரிங்கில் உட்காருகிறவன் நிற்கிறான். எரிச்சலை ஆக்சிலேட்டரில் காட்டுகிறவன் சீக்கிரம் போய்விடுகிறான், எப்படிப் போகிறான் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அதைவிட முக்கியம், தெரியாததைக் கேட்பது. தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் வண்டிக்கு அது இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று அங்கே நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எஞ்சினையே ஆஃப் செய்கிற ஆட்களும் உண்டு. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, அத்தனை டன் பாரமும் பிரேக் மேல் வந்து விழும், டிரம் சூடேறி, மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. எஞ்சினை ஆஃப் செய்தால் பிரேக்குக்கு ஏர் நிரப்பும் கம்ப்ரஸரும் நின்றுவிடும், மிதிக்க மிதிக்க டேங்கில் இருக்கும் ஏர் குறைந்துகொண்டே போகும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். முன்னால் கார் போகிறதா பஸ் போகிறதா என்பது அப்புறம் விதி. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய ஆட்களின் கணக்கு, எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) வந்த வண்டியிலும் அந்தக் கணக்கு மாறவில்லை. இதைப் புதுப் பையன் ஒருத்தன் வந்து கேட்டால் "இதுகூடத் தெரியாமயா லைசென்ஸ் வாங்கினே?" என்று நாலு பேர் முன்னால் சிரிக்கிறோம். அப்புறம் அவன் எதையுமே கேட்க மாட்டான். தம்பி, சிரித்தால் சிரிக்கட்டும், நீ கேள்.

வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு சுற்று நடக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும். ஜாயிண்ட் டயரில், அதாவது ஜோடியாக மாட்டிய டயரில், உள்பக்கத்து டயர் காற்று இறங்கியிருந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பியால் தட்டினால் சத்தம் சொல்லிவிடும். இரண்டு டயருக்கு நடுவில் கல் சிக்கியிருக்கிறதா பாருங்கள். ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். பிஎஸ்6 வண்டியில் (புதுப் புகை விதிப்படி வந்த வண்டி) டீசல் மட்டும் பார்த்தால் போதாது, புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்புளூவும் பார்க்க வேண்டும். சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லில் எத்தனை நாள் கொடுத்திருக்கிறது என்று புறப்படும்போதே படித்துவிடுங்கள், சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. வழியில் வண்டி பழுதாகி நின்றுவிட்டால் கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து முடிந்த 8 மணி நேரம் வரைக்கும் நீட்டிக்கலாம், ஆபீஸுக்கு உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டும், கூச்சப்பட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. கொஞ்சம் இந்தியும் பழகிக்கொள்ளுங்கள், நாக்பூர் தாண்டினால் சோறு கேட்கவாவது வேண்டும்.

லைசென்ஸ் பற்றி நிறையப் பேருக்குக் குழப்பம். 18 வயதில் கார் லைசென்ஸ் எடுத்து, அது ஒரு வருஷம் கையில் இருக்க வேண்டும். லாரி போன்ற போக்குவரத்து வாகனத்துக்கு 20 வயது முடிந்திருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் சான்றிதழும் டாக்டர் சான்றிதழும் கேட்பார்கள். எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைக்கிறவன் 18-லேயே கார் லைசென்ஸை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நாமக்கல்லிலேயே அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது, போய் விசாரிக்கலாம். சம்பளம் கூட வரும் என்று எடுத்தவுடன் கேஸ் டேங்கர் பக்கம் போகாதீர்கள். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், லைசென்ஸிலும் பதிவு வேண்டும், அனுபவமும் வேண்டும்.

பெற்றோர் கேட்கும் இன்னொரு கேள்வி, ஆக்சிடெண்ட் ஆனால் பத்து வருஷம் ஜெயிலாமே என்று. 2024 ஜனவரியில் நாடு முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்தியது அதற்காகத்தான். அது விபத்துக்குப் பிறகு போலீசுக்குச் சொல்லாமல் ஓடிப்போகிறவனுக்கான பிரிவு, அதையும் 2024 ஜூலை 1-இல் புதுக் குற்றச் சட்டம் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்தபோது நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்தார்கள். ஓடாமல் நின்றால் கூட்டம் அடிக்குமே என்ற பயம் டிரைவர்களுக்கு உண்மையாகவே இருக்கிறது, அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. பக்கத்து ஸ்டேஷனுக்கு நேராகப் போய்விடு என்றுதான் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்.

நல்லதும் நடந்திருக்கிறது. ஜிஎஸ்டி 2017-இல் வருவதற்கு முன் கேரள எல்லையில் வாளையாறு செக்போஸ்டில் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும் இப்போதைய நிம்மதி. (மாமூல் ஒழிந்துவிட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள்.) 2025-இலிருந்து தயாராகும் புது லாரிகளுக்குக் கேபினில் ஏசி கட்டாயம் ஆகிவிட்டது, ஆந்திரா வெயிலில் எஞ்சின் சூட்டோடு வெந்தவனுக்கு அது பெரிய விஷயம். வேலை நேரத்தில்தான் ஒன்றும் மாறவில்லை. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டார்கள், ரோட்டில் அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆகவே விடியற்காலை தூக்கம் வந்தால் ஓரம்கட்டித் தூங்குங்கள். லேட் ஆனால் திட்டு வாங்குவோம், அவ்வளவுதானே.

முதலாளிகளுக்கு ஒன்று கேட்கிறேன். புதுப் பையனைச் சில டிரிப்புக்காவது பழைய டிரைவரோடு ஏற்றிவிடுங்கள், சம்பளம் குறைவாகக் கொடுத்தாலும் பேட்டாவை (வழிச்செலவுப் படி) முழுதாகக் கொடுங்கள், சொல்லிக்கொடுக்கிற டிரைவருக்கும் ஏதாவது சேர்த்துக் கொடுங்கள், அவர் என்ன தர்மத்துக்கா செய்வார்? பெங்களூரு, சென்னை லைன் பழகட்டும், நாசிக் வெங்காய லோடு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்து முதலாளி ஒருத்தர் இப்படி இரண்டு பேரை ஏற்றினார். ஒருத்தன் கொஞ்ச நாளில் வேண்டாம் என்று ஈரோட்டில் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டான், அதிலும் தப்பில்லை. இன்னொருத்தன் இப்போது தனியாக முட்டை லோடு அடிக்கிறான், உடைசல் குறைவு என்று பார்ட்டியே அவனைக் கேட்டு வாங்குகிறார்கள்.

கடைசியாக, லைசென்ஸ் கைக்கு வந்த உடனே அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள், தம்பிகளே. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், விபத்து எல்லாவற்றுக்கும் உதவித்தொகை உண்டு. பதிவைப் புதுப்பிக்க மறந்துவிட்டு அப்புறம் ஆபீஸ் ஆபீஸாக அலைகிற சீனியர்கள் எங்களில் நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு லாரி டிரைவர்,
ராசிபுரம், நாமக்கல் மாவட்டம்.